பைகேமில் பந்து எந்தக் கணினியிலும் ஒரே வேகத்தில் ஓட

பைதான் மொழியில் விளையாட்டுகள் எழுத உதவும் நிரல் தொகுப்பான பைகேமில் நான் முதலில் எழுதிய விளையாட்டில், லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் பந்து 3 பிக்சல் நகரும். என் பழைய மடிக்கணினியில் அழகாக ஓடியது. அண்ணனின் புதுக் கணினியிலோ பந்து கண்ணுக்கே சிக்கவில்லை. கணினி வேகமானால் சுற்றுகள் கூடும், பந்தும் பறக்கும். இந்தப் பிணைப்பைத்தான் முதலில் அறுக்க வேண்டும்.

படி 1: லூப்புக்கு வெளியே ஒரு கிளாக்கை உருவாக்குங்கள். உள்ளே, சுற்றுக்கு ஒரே ஒரு முறை, அதன் டிக் செயற்கூறை 60 என்ற எண்ணுடன் அழையுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேமை, அதாவது திரையில் வரையும் 60 படங்களை, தாண்டாதபடி அது காத்திருக்கும். முந்தைய அழைப்பிலிருந்து எத்தனை மில்லிவினாடி கடந்தது என்பதையும் திருப்பித் தரும். இங்கே 16 அல்லது 17 வரும். பலர் இந்த எண்ணை வாங்கி வைப்பதே இல்லை. தயவுசெய்து வாங்கி வையுங்கள்.

படி 2: அதை 1000ஆல் வகுத்து, வேகத்தால் பெருக்குங்கள். வேகம் வினாடிக்கு 200 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி வருவதுதான் இந்த ஃபிரேமில் பந்து நகர வேண்டிய தூரம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் இரண்டு நாள் அதில் கிடந்தேன். பொருளின் இடத்தையும் அளவையும் வைத்திருக்கும் செவ்வகமான பைகேமின் ரெக்ட் முழு எண்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், பின்னத்தை வெட்டிவிடும். ஒரு ஃபிரேமுக்கு 0.7 பிக்சல் நகர வேண்டிய பந்து வலப்பக்கம் அசையவே அசையாது, ஏனெனில் 100.7 மறுபடியும் 100 ஆகிவிடும். இடப்பக்கமோ 99.3 என்பது 99 ஆகி, ஒரு முழு பிக்சல் தாவும். ஆகவே இடத்தைத் தனியாக ஒரு தசம எண் மாறியில் வைத்து, வரையும்போது மட்டும் ரெக்டுக்குக் கொடுங்கள்.

படி 3: வி-சிங்க், அதாவது மானிட்டர் புதுப்பிக்கும் நேரத்தோடு ஒத்துப்போகும்படி புதுப் படத்தைக் காத்திருந்து காட்டுவது. மானிட்டர் படத்தை மேலிருந்து கீழாகப் புதுப்பிக்கிறது. பாதியில் புதுப் படம் வந்தால் மேல்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் கிழிந்து தெரியும். பைகேம் 2இல் திரையை அமைக்கும் செட்-மோடில் ஸ்கேல்டு என்ற கொடியுடன் (கொடி என்பது திரை எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் தேர்வு) வி-சிங்க் மதிப்பை 1 என்று கொடுங்கள். அந்தக் கொடியோ ஓப்பன்ஜிஎல் கொடியோ இல்லாவிட்டால் இது வேலை செய்யாது. கொடுத்தாலும் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. அதனால் டிக்கை எடுத்துவிடாதீர்கள். 60ஐ 240 ஆக்கி வேலிபோல் வைத்திருங்கள். மானிட்டரும் டிக்கும் 60இல் நின்றால் காத்திருப்புகள் மோதி அசைவு திக்கக்கூடும்.

சோதிக்க, டிக்கின் எண்ணை 30 ஆக்கிப் பாருங்கள். அசைவு கரடுமுரடாகும். ஆனால் 640 பிக்சல் அகலத்தைக் கடக்கப் பந்துக்கு அதே 3.2 வினாடிதான் ஆக வேண்டும்.