மீன் மேல் ரவை போல வெள்ளைப் புள்ளியா? மருந்தை ஊற்றும் முன் செய்ய வேண்டியவை

போன டிசம்பரில் ஒரு காலை, கீழ்வீட்டுப் பையன் கையில் மருந்து பாட்டிலோடு மாடியேறி வந்தான். "அண்ணா, கப்பி மீன் மேல ரவை ஒட்டிக்கிட்டிருக்கு. எத்தனை சொட்டு விடணும்?" பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அவனோடு கீழே இறங்கினேன். அன்று அவனுக்குக் காட்டியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல்முறை தொட்டி வைத்திருப்பவர்கள் யாரும் பயப்பட வேண்டாம், நேரத்தோடு பார்த்துவிட்டால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் தண்ணீர்

மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசினாலே ஒட்டுண்ணி என்று முடிவு கட்டாதீர்கள். அம்மோனியா ஏறினாலும் உரசும், குளோரின் பட்டாலும் உரசும். கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு ஒரு நாள் கவனியுங்கள். பெங்களூரில் ஒரே வீட்டில் ஒரு நாள் காவேரி, மறுநாள் போர்வெல், அதற்கடுத்த நாள் டேங்கர் என்று தண்ணீர் மாறும். காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆன்டி குளோரின் விடாமல் ஊற்றக் கூடாது. போர்வெல் தண்ணீர் கடினத்தன்மை கூடியது, திடீரென்று மாற்றினால் மீனுக்கு அதுவே அதிர்ச்சி.

அப்புறம் கண்ணால் பார்ப்பது

இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு மீனாகப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். அந்தப் பையனின் ஆரஞ்சு வால் கப்பியில் வால் துடுப்பின் ஓரமாக ஆறு புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தொட்டால் கையில் தட்டுப்படும் போலப் புடைத்து, உப்புக்கல் அளவில். இது வெள்ளைப் புள்ளி நோய், கடைக்காரர்கள் 'இக்' என்பார்கள்.

புள்ளியாக இல்லாமல், மஞ்சள் தூளைச் சலித்துத் தூவியது போல டார்ச் வெளிச்சத்தில் மின்னினால் அது வெல்வெட் நோய். இதற்குச் செம்பு கலந்த மருந்து வேண்டும். அந்தக் கிருமி வெளிச்சத்தையும் உணவாக்கிக்கொள்ளும் என்பதால் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி வையுங்கள். செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், அவற்றை முதலிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கோல்ட்ஃபிஷ் உடம்பிலிருந்து நூல் துண்டு தொங்கினால் நங்கூரப் புழு. வெளியே எதுவும் தெரியாமல், ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடிக்கொண்டு மூச்சு வாங்கினால் செவுள் புழுவைச் சந்தேகிக்கலாம். அதற்குப் பிராசிகுவான்டல் என்ற மருந்து. அந்தப் புழுவின் முட்டை மருந்துக்குச் சாகாது, அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளிக்கு வைத்தியம்

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றைப் புரிந்துகொண்டால் வைத்தியத்தில் பாதி முடிந்தது. நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே மருந்து எட்டாது. தின்று பெருத்ததும் அது கழன்று தரையில் விழுந்து, கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். கூட்டுக்குள்ளும் மருந்து எட்டாது. குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் அந்த இரண்டு நாளில்தான் சாகும். 25, 26 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த தண்ணீரில் இழுத்துக்கொண்டே போகும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூர் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. ஹீட்டர் இல்லாத தொட்டியில் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், நோயும் லேசில் போகாது.

முதல்முறை இது தெரியாமல் நான் நான்காம் நாளே வைத்தியத்தை நிறுத்தினேன். புள்ளியெல்லாம் மறைந்திருந்தது. எட்டாம் நாள் உடம்பு முழுக்கத் திரும்பி வந்தது. பதினான்கு நியான் டெட்ராவில் மூன்றுதான் மிஞ்சின.

சரி, செய்முறைக்கு வருவோம். நோய் கண்ட மீனை மட்டும் பிரித்து வைத்துப் பயனில்லை. கூடுகள் சரளைக்கல்லில் இருப்பதால் தொட்டி முழுவதற்கும் வைத்தியம் வேண்டும். முதலில் தொட்டியின் அளவைக் கணக்கிடுங்கள். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். பையனின் தொட்டி 60 × 30 × 30, அதாவது 54 லிட்டர். கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்து 45 என்று வைத்துக்கொண்டோம்.

ஹீட்டரைப் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக 30 வரை ஏற்றுங்கள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும், அதனால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், அதற்கு இந்தச் சூடு வேண்டாம்.

உப்பு லிட்டருக்கு 2 கிராம். எதுவும் கலக்காத கல்லுப்பாக இருக்கட்டும். 45 லிட்டருக்கு 90 கிராம் ஆகிறது. அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு சொம்புத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, எட்டு மணி நேர இடைவெளியில் ஊற்றுங்கள். கோரி, லோச் போன்ற, வழக்கமான செதில் இல்லாத மீன்கள் இருந்தால் பாதி அளவு போதும். மென்மையான செடிகள் உப்பில் வாடும், அவற்றை எடுத்துவிடலாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், சைஃபன் குழாயைச் சரளைக்கல்லுக்குள் குத்திக் குத்தி 10 லிட்டர் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றுங்கள். கூடுகள் இதில்தான் வெளியேறும். அதற்கு முன் ஹீட்டர் பிளக்கைக் கழற்ற மறக்க வேண்டாம். புதிதாக ஊற்றும் 10 லிட்டருக்கு 20 கிராம் உப்பு மட்டும் சேர்த்தால் போதும். உப்பு ஆவியாகாது, 90 கிராமை மறுபடி கொட்டிவிடாதீர்கள்.

மூன்று நான்கு நாளில் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் அலமாரியில் இருக்கும் மாலகைட் கிரீன் மருந்தை எடுக்கலாம். அளவு லேபிளில் உள்ளபடி, செதில் இல்லாத மீனுக்குப் பாதி. ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துகளைக் கலக்க வேண்டாம்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதிலிருந்து இன்னும் ஏழு முதல் பத்து நாள் சூட்டையும் உப்பையும் அப்படியே தொடருங்கள். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். பையன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, தினமும் டிக் அடித்தான். ஒரு கப்பியும் போகவில்லை.

புது மீன் வந்தால்

சிவாஜிநகர் பக்கம் வாங்கினாலும் சரி, சென்னை கொளத்தூரிலிருந்து வந்த மீன் என்றாலும் சரி, நேராகத் தொட்டியில் விடாதீர்கள். இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு சின்ன ஹீட்டர் இருந்தால் போதும், நான்கு வாரம் தனியாக வையுங்கள். கடைப் பையிலிருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு மீனை மட்டும் வலையில் எடுங்கள். அந்த டப்பாவுக்கென்று ஒரு வலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காயப் போடுங்கள்.