பழைய அமெரிக்கப் புத்தகம் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் தாளை எண்ணுங்கள்

நான் முதன்முதலாக வாங்கிய பழைய அமெரிக்க அச்சுப் பொருள் ஒரு பஞ்சாங்கம். 1790-களில் நியூ இங்கிலாந்தில் அச்சானது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அட்டை கிடையாது, நூலால் தைத்தது. மேல் மூலையில் ஒரு ஓட்டை. கயிறு கோத்து அடுப்புப் பக்கம் மாட்டியிருப்பார்கள். நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குமே, அதே கதைதான். இணையத்தில் விற்றவர் ‘நல்ல நிலை, முழுமையானது’ என்று எழுதியிருந்தார். நானும் நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா தாள்களை எண்ணிப் பார்த்தேன். 23. இருக்க வேண்டியது 24. கடைசித் தாள் எப்போதோ கிழிந்து போயிருக்கிறது. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். எண்ணாமல் காசு கொடுத்தது நான்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் போல ஆரம்பிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எல்லையைப் போடுங்கள்

அமெரிக்கப் பழம்புத்தகம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1640-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சான ‘பே சாம் புக்’ என்ற சங்கீதப் புத்தகம். இன்றைய அமெரிக்காவின் பகுதியாக இருக்கும் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சாகி மிஞ்சியிருக்கும் முதல் புத்தகம் அது. 1,700 பிரதிகள் அச்சடித்தார்கள், இன்று இருப்பவை 11. அதில் ஒன்று 2013-இல் 1.4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. சரி, அதை மறந்துவிடலாம்.

நம் கைக்கு எட்டுவது வேறு: பஞ்சாங்கம், பிரசங்கப் பிரசுரம், பள்ளி வாசகப் புத்தகம், சட்டத் தொகுப்பு. 1790-இலிருந்து 1820 வரையான சாதாரணப் பஞ்சாங்கங்கள் நூறு டாலருக்குள்ளேயே கிடைப்பதுண்டு. ‘பழைய அமெரிக்கா’ என்று மொத்தமாகச் சேர்க்கப் போனால் பணமும் தீரும், மனசும் சலிக்கும். ஒரு ஊர், ஓர் அச்சகத்தார் அல்லது ஒரு வகை என்று பிடித்துக்கொள்ளுங்கள். 1800 அல்லது 1820-ஐக் கடைசி வருஷமாக வைத்துக்கொள்வது வழக்கம். காரணம் பின்னால் வரும்.

தமிழர்களுக்கென்றே ஒரு பாதை உண்டு, யாரும் அதிகம் நடக்காதது. பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் தரங்கம்பாடி சீகன்பால்குக்குக் கடிதம் எழுதினார். சீகன்பால்க் 1719-இல் இறந்துவிட, பதில் எழுதியவர் அவருடைய கூட்டாளி க்ருண்ட்லர். இந்தக் கடிதங்களைச் சேர்த்து 1721-இல் பாஸ்டனிலேயே ‘இண்டியா கிறிஸ்டியானா’ என்ற நூல் வெளிவந்தது. அதை வாங்கும் வசதி எனக்கு இல்லை. ஆனால் 1816-இல் யாழ்ப்பாணம் போன அமெரிக்க மிஷனரிகளின் கடிதங்கள் 1820-களில் பாஸ்டன் ‘மிஷனரி ஹெரால்ட்’ இதழ்களில் வரிசையாக வந்தன. என் கண் இப்போது அவற்றின் மேல்தான்.

தலைப்புப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

புத்தகம் கைக்கு வந்ததும் முதல் அட்டையைப் பார்க்காதீர்கள். அட்டை மாறியிருக்கலாம். தலைப்புப் பக்கத்துக்குப் போங்கள்.

முதலில் தடுமாற வைப்பது நீள ‘எஸ்’. பார்க்க ‘எஃப்’ போலவே இருக்கும், ஆனால் குறுக்குக்கோடு வலப்பக்கம் தாண்டாது, சில எழுத்துருக்களில் கோடே இருக்காது. சொல்லின் கடைசியில் மட்டும் நாம் அறிந்த ‘எஸ்’ வரும். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த எழுத்து மெல்ல மறைகிறது. பட்டியல்களில் தேடும்போது சாதாரண ‘எஸ்’ஸாகவே தட்டுங்கள். ஆனால் ஸ்கேன் செய்த புத்தகங்களுக்குள் தேடும்போது ‘எஃப்’ போட்டும் ஒருமுறை பாருங்கள். கணினியும் நம்மைப் போலத்தான் ஏமாறுகிறது.

அடியில் ஊர், அச்சிட்டவர், விற்றவர், வருஷம் இருக்கும். வருஷம் ரோமன் எழுத்தில் இருந்தால் நிதானமாகக் கூட்டுங்கள்: எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து. பஞ்சாங்கத்தில் மட்டும் ஒரு சூட்சுமம். 1794-க்கான பஞ்சாங்கம் பெரும்பாலும் 1793-இலேயே அச்சாகியிருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

வருஷத்தைப் பார்த்ததும் ‘முதல் பதிப்பு’ என்று குதிக்க வேண்டாம். தாமஸ் பெயினின் ‘காமன் சென்ஸ்’ 1776 ஜனவரியில் ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. பிலடெல்ஃபியாவில் ராபர்ட் பெல் அச்சிட்டார். அதே வருஷம் பல ஊர்களில் பலர் மறுபதிப்பு போட்டார்கள். 1776 என்று போட்ட ‘காமன் சென்ஸ்’ எல்லாம் முதல் பதிப்பாகிவிடாது.

வெளிச்சத்தில் பிடியுங்கள்

ஒரு தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால், நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஓர் அங்குலத்துக்கு ஒன்றாகச் சற்றுத் தடித்த கோடுகளும் தெரியும். தடித்தவை சங்கிலிக் கோடுகள். கந்தல் துணிக் கூழைக் கம்பிச் சல்லடையில் அள்ளிச் செய்த காகிதம் என்பதற்கு அது அடையாளம். குடியேற்றங்களின் முதல் காகித ஆலை 1690-இல் பிலடெல்ஃபியா அருகே ரிட்டன்ஹவுஸ் தொடங்கியது. கோடே இல்லாத வழவழப்பான காகிதம் அமெரிக்காவில் 1790-களில்தான் தலைகாட்டுகிறது.

கந்தல் காகிதம் இருநூறு வருஷம் கழித்தும் துணி மாதிரி வளையும். ‘1776’ என்று போட்ட தாள் பழுப்பேறி, மடித்தால் அப்பளம் போல நொறுங்கினால் அது மரக்கூழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலோ அதற்குப் பிறகோ யாரோ நினைவுக்காக அடித்த நகல். வாஷிங்டனின் மரணச் செய்தியோடு 1800 ஜனவரி 4 தேதியிட்ட ‘அல்ஸ்டர் கவுண்டி கெசட்’ தாள் பாட்டி பெட்டியில் இருந்தது என்று யாராவது நீட்டினால், பணிவாகச் சிரித்து வையுங்கள். அதன் நகல்கள் கணக்கற்றவை.

இப்போது எண்ணுங்கள்

இதுதான் முக்கியம், இதற்கு அவசரம் ஆகாது.

அச்சகத்தில் ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் பல பக்கங்களை அடித்து, பிறகு மடிப்பார்கள். ஒருமுறை மடித்தால் 2 தாள், அது ஃபோலியோ. இருமுறை மடித்தால் 4, குவார்ட்டோ. மூன்று முறை மடித்தால் 8, ஆக்டேவோ. 12 தாளாக வந்தால் டுவோடெசிமோ. பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் இந்த வகை. சங்கிலிக் கோடு வாசகம் ஓடும் திசைக்குச் செங்குத்தாக, மேலிருந்து கீழே நின்றால் ஃபோலியோ அல்லது ஆக்டேவோ. படுத்திருந்தால் குவார்ட்டோ, பெரும்பாலான டுவோடெசிமோவும் அப்படியே.

மடித்த கட்டுகளைப் பைண்டர் வரிசை தவறாமல் அடுக்க வேண்டுமே? அதற்காகக் கட்டின் முதல் தாளின் அடியில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து போடுவார்கள். அடுத்த தாள்கள் சிலவற்றில் பி2, பி3 என்று தொடரும். பழைய அச்சு வழக்கத்தில் இந்த வரிசைக்கு 23 எழுத்துதான். ஐ, ஜே இரண்டில் ஒன்றுதான் வரும், யூ, வி இரண்டிலும் ஒன்றுதான், டபிள்யூ கிடையாது. ஐக்குப் பிறகு கே வந்தால் ‘ஐயோ, ஒரு கட்டு காணோம்’ என்று பதற வேண்டாம். நான் பதறியிருக்கிறேன்.

என் பஞ்சாங்கத்தில் ஏ, பி, சி, டி என நான்கு கட்டு, ஒவ்வொன்றிலும் ஆறு தாள் (பன்னிரண்டைப் பாதிப் பாதியாகக் கட்டியிருக்கிறார்கள்). மொத்தம் 24 தாள், 48 பக்கம். ஏ, பி, சி சரியாக இருந்தன. டி கட்டில் முதல் தாளைத் தொட்டால் ஆடியது. ஏன் என்று நடுவில் தையலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆறு தாள் கட்டில் முதல் தாளும் ஆறாம் தாளும் ஒரே துண்டின் இரண்டு பாதிகள். ஆறாவது கிழிந்து போனதால் முதல் தாளுக்குப் பிடிமானம் போய், முதுகோரம் ஒரு நெல் அகலத் துண்டை மட்டும் நூல் பிடித்துக்கொண்டிருந்தது. பக்க எண் அச்சிடாத சின்னப் பிரசுரங்களில் இந்த எழுத்துகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

எண்ணியதைச் சுருக்கமாக எழுதுங்கள்: ‘ஏ–டி, ஆறு ஆறாக, டி6 இல்லை.’ உலகத்தில் எந்தப் புத்தக வியாபாரிக்கும் இது புரியும்.

கட்டமைப்பும் காயங்களும்

தோல் ஆட்டுத்தோலா கன்றுத்தோலா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘பழுப்புத் தோல்’ என்று எழுதுங்கள், போதும். பழைய நியூ இங்கிலாந்துப் பைண்டிங்கில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: தோல் தேய்ந்த மூலையில் அட்டைக்குப் பதில் மெல்லிய மரப்பலகையின் ரேகை தெரியும். உள்ளூரிலேயே கட்டியது என்பதற்கு நல்ல அடையாளம்.

குறைகளை மழுப்பாதீர்கள். ‘வயதுக்கேற்ற நிலை’ என்ற சொற்றொடரை நான் வெறுக்கிறேன். அதற்கு அர்த்தமே இல்லை. பழுப்புப் புள்ளி, நீர்க்கறை, பூச்சித் துளை, எழுத்தை வெட்டிய ஓரம், பிரிந்த முதுகு என்று உள்ளதை உள்ளபடி, எந்தத் தாளில் என்பதோடு எழுதுங்கள்.

கிறுக்கல் குறையல்ல. பள்ளிப் புத்தகங்களில் பெயர், வருஷம், கணக்கு, சில சமயம் ‘இந்தப் புத்தகத்தைத் திருடினால் தூக்குமரம்தான்’ என்கிற பொருளில் ஒரு பிள்ளைப் பாட்டுகூட இருக்கும். எழுத்துப்பிழை உட்பட அப்படியே படியெடுத்து வையுங்கள். ஒரே அச்சில் வந்த நூறு பிரதிகளில் இந்தப் பக்கம் உங்களிடம் மட்டும்தான்.

எவன்ஸ் எண்

சார்ல்ஸ் எவன்ஸ் என்ற நூலகர் அமெரிக்காவில் அச்சானவற்றையெல்லாம் வருஷ வாரியாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டுப் பட்டியலிடத் தொடங்கி, முதல் தொகுதியை 1903-இல் வெளியிட்டார். 1935-இல் இறக்கும்போது 1799 வரை வந்திருந்தார். கிளிஃபர்ட் ஷிப்டன் 1955-இல் 1800 வரை முடித்தார். மொத்தம் 39,162 பதிவுகள். 1801 முதல் 1819 வரை ஷா–ஷூமேக்கர் பட்டியல். சேகரிப்பாளர்கள் 1800, 1820 என்று எல்லை போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

எவன்ஸ் பல தலைப்புகளைப் பழைய செய்தித்தாள் விளம்பரங்களிலிருந்து எடுத்தார். அச்சாகாமலேயே போனவையும் பட்டியலில் ஏறிவிட்டன. எண் இருக்கிறது, புத்தகம் இல்லை! இதற்கு நேர்மாறாக ‘எவன்ஸில் இல்லை’ என்று விலையேற்றும் விற்பனையாளர்களும் உண்டு. எவன்ஸில் விடுபட்டவை ஆயிரக்கணக்கில் பிறகு கண்டுபிடிக்கப்பட்டன, ஆகவே அந்த வாசகத்துக்காக மட்டும் கூடுதல் டாலர் கொடுக்காதீர்கள். வொர்செஸ்டரில் ஐசையா தாமஸ் என்ற அச்சகத்தார் 1812-இல் நிறுவிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டியின் இணையப் பட்டியலில் ஒருமுறை சரிபாருங்கள். அங்கே உள்ள பதிவில் தாள் கணக்கும் இருக்கும். உங்கள் பிரதியில் எது குறைகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குறிப்பு இப்படி இருக்கலாம்

என் பஞ்சாங்கத்துக்கு நான் பிறகு எழுதியது, தலைப்பு வரியும் எவன்ஸ் எண்ணும் நீங்கலாக:

‘டுவோடெசிமோ. ஏ–டி, ஆறு ஆறாக. டி6 இல்லை, டி1 தளர்ந்தது. 48 பக்கத்தில் 46. எண்ணிடாத பக்கங்கள். சங்கிலிக் கோட்டுக் காகிதம். தைத்தது, அட்டை இல்லை, பழைய நூல். மேல் இட மூலையில் தொங்கவிட்ட துளை, எழுத்தைத் தொடவில்லை. ஏ1, ஏ2-இல் நீர்க்கறை. ஜூன் பக்க ஓரத்தில் மையால்: பசு கன்று ஈன்றது, 11-ஆம் தேதி.’

இதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி, வாங்கிய தேதியும் விலையும் சேர்த்துப் புத்தகத்தோடு ஓர் உறையில் வைக்கிறேன். அமிலமில்லாக் காகித உறை நல்லது. புத்தகத்துக்குள் வைக்க வேண்டாம், சாதாரணக் காகிதம் பக்கத்தில் பழுப்புக் கறை விடும். செலோடேப் வீட்டிலேயே இருக்கக் கூடாது. வெள்ளைக் கையுறையும் வேண்டாம். துணி விரலால் புரட்டினால்தான் ஓரம் கிழியும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

அந்த டி6-ஐ இன்னொரு கிழிந்த பிரதியிலிருந்து எடுத்துச் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சேர்க்கலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்தால் ‘டி6 வேறு பிரதியிலிருந்து’ என்று குறிப்பில் எழுத வேண்டும். நான் செய்யவில்லை. 23 தாளோடுதான் இருக்கிறது.