நடுவர் ஒருபக்கம் சாய்ந்தாரா? கூடைப்பந்து ஆட்டத்தைக் கணக்கெடுத்துப் பார்க்கும் முறை

"ரெஃப்ரியை வாங்கிட்டாங்க" என்ற பேச்சு கொடைக்கானலில் கோடைப் போட்டி முடிந்த இரவிலும் கேட்கும். குளிர்காலத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்குக் கம்பளிக்குள் இருந்துகொண்டே செல்போனில் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்ப்பவர்களிடமும் கேட்கும். சந்தேகப்படுவதில் தப்பில்லை. கூடைப்பந்தில் அதற்கு வரலாறே இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் ஒரு மனிதரின் பெயரில் அதை ஒட்டிவிட்டால் பிறகு யாராலும் கழுவ முடியாது. சோதிப்பது கஷ்டமும் இல்லை. முழு ஆட்டத்தின் வீடியோ, ஸ்கோர்ஷீட்டின் நகல், பொறுமையான இரண்டு பேர், ஒரு மாலைப்பொழுது. இவ்வளவுதான் வேண்டும்.

முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

நடுவர் தப்பாகப் பார்த்தாரா, தம்மை அறியாமல் ஒருபக்கம் சாய்ந்தாரா, காசு வாங்கினாரா? இவை மூன்றும் வேறு வேறு. தப்பு ஒரே விசிலில் தெரிந்துவிடும். சாய்வு பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். காசு விவகாரம் பெரும்பாலும் ஆடுகளத்தில் தெரியவே தெரியாது, பந்தயப் பணம் போன வழியில்தான் தெரியும். எதைத் தேடுகிறோம் என்று வீடியோ போடுவதற்கு முன்பே முடிவு செய்யாவிட்டால், பார்க்கிற ஒவ்வொரு விசிலும் கோபத்துக்குத் தீனியாகும்.

வீடியோ எடுப்பது

என்பிஏ ஆட்டத்துக்கு இந்த வேலை மிச்சம். ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு சொல்லும் பட்டியல் அந்த லீக்கின் தளத்திலேயே கிடைக்கும். உள்ளூர் போட்டி என்றால் நாம்தான் எடுக்க வேண்டும். ஸ்கோரர் மேசைக்கு எதிர்ப்பக்கம், நடுக்கோட்டுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கூடைகளும் தெரியும், மேசையும் ஸ்கோர் போர்டும் பின்னணியில் விழும். 40 நிமிட ஆட்டம் இடைவேளை, டைம் அவுட் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஓடும். போனில் 15 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். மலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் பவர் பேங்க்கை முதலிலேயே செருகிவிடுங்கள். மஞ்சு இறங்கினால் லென்ஸில் ஈரம் படியும். பருத்தித் துணியால் குவார்ட்டருக்கு ஒருமுறை துடைக்காவிட்டால், ஃபிளட்லைட் வெளிச்சம் பூத்து, கடைசிக் குவார்ட்டரில் கை எது பந்து எது என்று தெரியாது. நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள். வெட்டிய வீடியோவை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

நான்கு கட்டத்தில் பதிவு

என்பிஏ 2015 மார்ச் முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு அறிக்கை வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு நிகழ்வும் நான்கில் ஒன்றாக வரும்: சரியாக ஊதியது, தப்பாக ஊதியது, சரியாக ஊதாமல் விட்டது, தப்பாக ஊதாமல் விட்டது. இதையே முழு ஆட்டத்துக்கும் செய்யுங்கள். "பார்வைக்குத் தெரியவில்லை" என்று ஐந்தாவது கட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் பார்த்தவர் நேர்மையாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இரு அணிக்கும் சம்பந்தமில்லாதவர்கள் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அணிக்கு ஒருவர். ஒலியை அணைத்துவிடுங்கள், கூட்டத்தின் சத்தம் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு உரசலையும் வழக்கமான வேகத்தில் இரண்டு தடவை, மெதுவாக ஒரு தடவை பார்த்தால் போதும். மெதுவாகவே பார்த்துக்கொண்டிருந்தால் சாதாரண உரசலும் அடிதடி மாதிரி தெரியும். குறித்து முடித்த பிறகே இருவரும் தாளை ஒப்பிட வேண்டும். இருவரும் ஒத்துப்போனதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஃபவுல் என்று கத்தப்படுவதில் பாதி ஃபவுலே இல்லை என்பதால், விதியை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும். பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கை பந்தின் பகுதிதான். அந்தக் கையில் தட்டினால் ஃபவுல் கிடையாது. சார்ஜா (மோதியவர் தப்பு) பிளாக்கா (மறித்தவர் தப்பு) என்ற சண்டையில், தடுக்கும் ஆட்டக்காரர் முகத்தை எதிராளிக்குக் காட்டி இரண்டு காலையும் தரையில் ஊன்றி முதலில் இடம்பிடித்தாரா என்று பாருங்கள். எதிராளி குதித்த பிறகு குறுக்கே வந்திருந்தால் அது பிளாக். கூடைக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் இருக்கும் அரைவட்டத்துக்குள் நின்றபடி, குதித்து வருகிறவரிடம் சார்ஜ் வாங்கவும் முடியாது.

மலையில் அடிக்கடி வரும் தகராறு ஒன்று உண்டு. திறந்தவெளி சிமென்ட் கோர்ட் மஞ்சில் நனைந்திருக்கும். பந்தோடு ஓடிவரும் பையன் வழுக்கி விழுந்து, பந்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கஜம் சறுக்கிப் போவான். "டிராவல்!" (பந்தைத் தட்டாமல் அதோடு நகர்ந்த தப்பு) என்று கூட்டம் எழும், நடுவர் ஊதமாட்டார். நடுவர் சரி. விழுந்து சறுக்குவது விதிப்படி டிராவல் அல்ல. பந்தோடு உருண்டாலோ, எழுந்து நிற்க முயன்றாலோதான் டிராவல். இப்படிப்பட்ட இடத்தில் "நமக்கு எதிராக" என்று எழுதிவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும்.

எண்களைப் படிப்பதில் எங்கே சறுக்கும்

ஃபவுல் 15க்கு 9 என்று வந்தால் உடனே அநியாயம் என்போம். ஒரு நாணயத்தை 24 முறை சுண்டிப் பாருங்கள். எந்த ஓரவஞ்சனையும் இல்லாத நாணயம்கூட 100க்கு ஏறத்தாழ 31 தடவை 15க்கு 9 அல்லது அதைவிட மோசமான பிரிவைத் தரும். 18க்கு 6 என்றால் கவனிக்கலாம். அது சுமார் 44 தடவைக்கு ஒருமுறைதான் தானாக வரும். ஆனாலும் 44 ஆட்டம் நடக்கும் போட்டியில் அப்படி ஒன்று வருவது இயல்புதான். அதனால் ஒரே ஆட்டத்தின் எண்ணிக்கையைச் சாட்சியாக வைக்கக் கூடாது.

ஃபவுலுக்கு ஈடாக யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவின் கணக்கு இன்னும் வழுக்கும். உள்ளே புகுந்து லே-அப் போடும் அணிக்கு அதிகம் கிடைக்கும், வெளியே நின்று மூன்று புள்ளிக்கு எறியும் அணிக்குக் குறைவாகக் கிடைக்கும். பின்தங்கிய அணி கடைசி நேரத்தில் வேண்டுமென்றே செய்யும் ஃபவுல்களைக் கழித்துவிட வேண்டும். உலக விதிப்படி ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆகவே முதல் மூன்று நிமிடத்தில் நான்கு ஃபவுலை அள்ளிக்கொண்ட அணி, மீதி ஏழு நிமிடமும் சின்னத் தட்டலுக்குக்கூட இரண்டு ஷாட் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்கோர்ஷீட்டில் முதல், மூன்றாம் குவார்ட்டர் சிவப்பு மையிலும் மற்றவை நீலம் அல்லது கறுப்பிலும் எழுதப்படுவதால் ஃபவுல் எங்கே குவிந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இன்றுவரை ஆறாத புண் ஒன்று இதற்கு உதாரணம். 2002 மே 31, என்பிஏவின் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸ் 106, சேக்ரமென்டோ கிங்ஸ் 102. லேக்கர்ஸ் மொத்தம் எறிந்த 40 ஃப்ரீ த்ரோவில் 27 கடைசிக் குவார்ட்டரில் வந்தவை. கிங்ஸின் உயரக்காரர்கள் டிவாச்சும் போலார்டும் ஃபவுல் நிறைந்து வெளியே போனார்கள். அந்த ஆட்டத்தில் பல முடிவுகள் மோசமானவை என்பதே எங்கள் கருத்தும். ஆனால் மோசமாக ஊதப்பட்டது என்பதிலிருந்து விலைபோனது என்பதற்குப் போக இன்னொரு ஆதாரம் வேண்டும், அது யாரிடமும் கிடைக்கவில்லை. 2008இல் முன்னாள் நடுவர் ஒருவரின் தரப்பு நீதிமன்றக் கடிதத்தில் அந்த ஆட்டத்தைக் கைகாட்டியதை லீக் மறுத்துவிட்டது.

அந்த நடுவர் டிம் டோனகி. 13 சீசன் என்பிஏவில் ஊதியவர். தாம் நடுவராக இருந்த ஆட்டங்கள் உட்படப் பந்தயம் கட்டினார், பந்தயக்காரர்களுக்குத் துப்பு விற்றார். துப்பு பலித்தால் ஆரம்பத்தில் 2,000 டாலர், பிறகு 5,000. 2007 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2008இல் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவரைப் பிடித்துக் கொடுத்தது ரீப்ளே பார்த்த ரசிகர் அல்ல, சூதாட்டக் கும்பலைத் துரத்திய எஃப்பிஐயின் (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) விசாரணை. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் விற்றது முக்கியமாகத் தகவல்: யார் இன்று ஊதுகிறார், எந்த ஆட்டக்காரருக்குக் காயம்.

சாய்வைக் காண்பது வேறு வேலை. அதே நடுவரின் பல ஆட்டங்களை எடுத்து, அதே அணி வேறு நடுவர்களிடம் என்ன பெற்றது என்று ஒப்பிட வேண்டும். 1991 முதல் 2004 வரையிலான என்பிஏ ஆட்டங்களை இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் இப்படித்தான் அலசினார்கள். நடுவர் குழுவின் இனமும் ஆட்டக்காரரின் இனமும் ஒன்றாக இருந்தால் ஃபவுல் 4 சதவீதம் வரை குறைகிறது என்று கண்டார்கள். 2007இல் செய்தி வெளியாகிப் பரவிய பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டதாக அடுத்த ஆய்வு சொன்னது. கணக்கெடுத்து மரியாதையாக முன்வைத்தால் பலன் இருக்கிறது.

காசு கைமாறியதா என்று எங்கே பார்ப்பது

ஆட்டக்காரர் பக்கமும் பாருங்கள். பந்தயம் பெரும்பாலும் யார் ஜெயிப்பார் என்பதில் இல்லை, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்பதில். ஆகவே ஜெயித்துக்கொண்டே வித்தியாசத்தைக் குறைத்தால் போதும். 1951இல் நியூயார்க் கல்லூரி அணிகளைச் சாய்த்த ஊழலின் அடிப்படை இதுதான். இன்று தனி ஆட்டக்காரரின் எண்கள்மீதும் பந்தயம் நடக்கிறது. என்பிஏவில் டொரான்டோ அணியின் ஜான்டே போர்ட்டர் 2024 மார்ச் 20 அன்று மூன்று நிமிடம்கூட ஆடாமல் உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். அவர் குறைவாக ஆடுவார் என்று 11 லட்சம் டாலர் வெல்லும்படி 80,000 டாலர் கட்டப்பட்டிருந்தது. அதிகம் அறியப்படாத ஆட்டக்காரர்மீது அவ்வளவு பணமா என்று பந்தய நிறுவனமே நிறுத்திவைத்தது. அடுத்த மாதம் அவருக்கு ஆயுள் தடை.

நம் ஊர்ப் போட்டிக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: யாருக்குக் காயம், யார் இன்று இறங்கமாட்டார் என்று அறிமுகமில்லாதவர் துருவித் துருவிக் கேட்டால், அழைப்பின் தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்துப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். பணம் பேசப்பட்டால் போலீசுக்குத்தான் போக வேண்டும். இணையச் சூதாட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

புகார் கொடுக்கும் விதம்

இங்கேதான் நியாயமான புகாரும் வீணாகிறது. சர்வதேச விதிப்படி "அது ஃபவுல் இல்லை" என்று புரொட்டஸ்ட் (முடிவை எதிர்க்கும் முறையான புகார்) போடவே முடியாது. திருத்தப்படாத ஸ்கோர் பிழை, கடிகாரப் பிழை, ஆட்டத்தைக் கைவிட்ட முடிவு, தகுதியில்லாத ஆட்டக்காரர் ஆகியவற்றுக்கு மட்டுமே முடியும். ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் கேப்டன் தலைமை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர்ஷீட்டில் அதற்கான கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். காரணத்தை ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று போட்டி விதித்தாளில் முன்பே பார்த்துக் கையில் வைத்திருங்கள். கோபத்தில் கோர்ட்டை விட்டு வெளியேறி, கேப்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே 15 நிமிடம் ஓடிவிடும்.

மேசைப் பிழைக்கு எவ்வளவு வலு என்பதற்கு 2007 டிசம்பர் சாட்சி. அட்லான்டாவில் நடந்த என்பிஏ ஆட்டத்தில் மயாமி அணியின் ஷாகில் ஓ'நீலுக்கு ஐந்து ஃபவுல்தான் ஆகியிருந்தது. மேசையில் ஆறு என்று எண்ணி, ஃபவுல் நிறைந்துவிட்டதாக வெளியே அனுப்பிவிட்டார்கள். மயாமியின் புரொட்டஸ்ட் ஏற்கப்பட்டு, கடைசி 51.9 விநாடிகளை 2008 மார்ச் 8 அன்று மறுபடி ஆடவைத்தார்கள். ஆகவே பெஞ்சில் ஒருவர் தனியாக ஃபவுல், புள்ளி இரண்டையும் எழுதிக்கொண்டே வரட்டும். பொருந்தாவிட்டால் பந்து நின்றவுடன் மேசையில் சொல்லுங்கள். தலைமை நடுவர் கையெழுத்திடும்வரை ஸ்கோர் பிழையைத் திருத்தலாம்.

தீர்ப்புப் பிழைகளுக்கு வேறு வழி. அமைப்பாளர்களுக்கு ஒரு பக்கக் கடிதம்: குவார்ட்டர், நேரம், என்ன நடந்தது, நான்கு கட்டத்தில் எது. உங்களுக்குச் சாதகமாக வந்த தப்புகளையும் சேர்த்தே எழுதுங்கள். "விலைபோனார்" என்ற சொல் அதில் வேண்டாம். அடுத்த வருடத்துக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். சீசனில் திண்டுக்கல், மதுரையிலிருந்து நடுவர்களை வரவழைத்து அறை போடுவது செலவு என்பதால், போட்டி நடத்தும் கிளப்பே தன் ஆட்களை ஊதவைப்பதுண்டு. நுழைவுக் கட்டணத்தில் நடுவர் செலவுக்கென்று தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். எந்த அணியின் புரவலரும் அவர்களுடைய அறைக்கோ சாப்பாட்டுக்கோ பணம் கட்டக் கூடாது. எந்த ஆட்டத்துக்கு யார் என்பதை அன்று காலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். முழு வீடியோவையும் ஸ்கோர்ஷீட் நகலையும் கடிதத்தோடு பென் டிரைவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.