வெப்லாஜிக் லைசென்ஸ் இருந்தும் ஜாவாவில் மாட்டிக்கொண்ட கதை

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வெப்லாஜிக் லைசென்ஸ் இருக்கிறது; ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் ஆரக்கிள் கம்பெனியின் சர்வர் மென்பொருள் அது. கூடவே வரும் ஜாவாவையும் எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். தப்பு. அந்த உரிமை வெப்லாஜிக்கை ஓட்டுவதற்கு மட்டும்தான்.

ரினியூவலுக்குக் கணக்கெடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ராத்திரி இன்வாய்ஸ் பிடிஎஃப் போடும் ஜாப் (தானாக ஓடும் புரோகிராம்) வெப்லாஜிக்குக்கு வெளியே தனியாக ஓடுகிறது. ஆனால் அதுவும் ஆரக்கிள் ஜாவா 8. அதன் அப்டேட்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து வணிகப் பயன்பாட்டில் சந்தா வேண்டும். 2023 ஜனவரியில் வந்த சந்தாவோ ஆள் கணக்கு: ஜாவாவைத் தொடுகிறவர்கள் மட்டுமல்ல, மொத்த ஊழியர்களும். டிரம்மில் தோல் போடும் அண்ணனுக்கும் சேர்த்துக் கட்டணும்! மேனேஜர் சார் என்னையே பார்த்தார்.

சரி, வெப்லாஜிக்கைத் தொடவில்லை. ஜாபை மட்டும் டெமுரின் 8-க்கு மாற்றினேன். அது ஓப்பன்ஜேடிகே, அதாவது ஜாவாவின் ஓப்பன் சோர்ஸ் வடிவம்; லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஸ்கிரிப்டில் ஜாவா ஹோம் பாதையை (ஜாவா இருக்கும் இடத்தை) மாற்றி ஓட்டினால் நல்பாயிண்டர் எர்ரர். எர்ரர் எங்கே வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸில் ‘ஃபான்ட் கான்ஃபிகரேஷன்’ என்று இருந்தது. அரை நாள் புரோகிராம் கோடிங்கைத் துருவினேன், வீண். எங்கள் லினக்ஸ் சர்வரில், எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் பேக்கேஜே போடப்படவில்லை! அதையும் டேஜாவு எழுத்துருக்களையும் போட்டதும் பிடிஎஃப் வந்துவிட்டது.

அப்புறம் டிஸ்பேட்ச் பிசிக்களில் கிடந்த பழைய ஜாவாவை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஜாவா எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.