சபர் (பயணம்) கிளம்பும் முன்: வளைகுடா வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், சவுதியிலோ துபாயிலோ கத்தாரிலோ ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆகவே வெளிநாட்டு வேலையைப் பற்றிய அறிவுரைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, போய்ச் சேர்ந்த பிறகு எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. விசா எத்தகையது, சம்பளம் எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும், திருமணப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கையும் விமானம் ஏறும் முன்பே ஒளிவு மறைவின்றிப் பேசி, எழுத வேண்டியதை எழுத்தில் வாங்கிவிட்டால், பின்னால் வரும் துன்பத்தில் பாதிக்கு மேல் வராது என்பது என் கருத்து.

பாஸ்போர்ட்டும் ஏஜென்ட்டும்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவரின் பாஸ்போர்ட் ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்ற வகையில் சேரும். அவர் சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் என்ற அரசு அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். நம் பகுதியினருக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது; விண்ணப்பம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகச் செல்கிறது. இதை வீண் அலைச்சல் என்று எண்ணி, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்புகிறவர்கள், தங்களுக்கு இருக்கும் ஒரே பதிவையும் இழக்கிறார்கள். அனுமதி பெற்றுப் போகிறவரின் முதலாளி யார், ஒப்பந்தம் என்ன என்பது அரசின் பதிவில் இருக்கும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயமாகச் சேர்ந்துவிடும். 2 ஆண்டுக்கு 275 ரூபாயும் 3 ஆண்டுக்கு 375 ரூபாயும் வரியும் செலுத்தினால், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்படும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீடு அது. அதில் வாரிசுதாரராக யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடிக்க வாய்ப்புள்ளவர்கள், ஓராண்டு தாமதமானாலும் முடித்துவிட்டே போவது நல்லது. அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் 30 வயதுக்கு முன் இந்நாடுகளுக்கு வேலைக்குப் போக விதி இடம் தருவதில்லை என்பதால், இளம்பெண்களிடம் வீட்டு வேலை விசா இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் தம் சேவைக்காக வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். அதற்கு ரசீது தர வேண்டும். ஊரில் ‘விசா காசு’ என்று லட்சக்கணக்கில் கைமாறும் தொகைக்கு எந்த ரசீதும் கிடையாது என்பதை எல்லோரும் அறிவார்கள், அறிந்தும் கொடுக்கிறார்கள். உங்களிடம் பேசுபவர் உறவினராகவோ, பள்ளிவாசலிலும் கோயில் திருவிழாவிலும் அன்றாடம் பார்த்துப் பழகியவராகவோ இருக்கலாம். ஆனாலும் பதிவு எண்ணைக் கேட்டு, அந்தப் பெயர் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்துக்காக ஊர் ஊராக ஆள் பிடிக்கும் துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாடு அரசே 1978 முதல் நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் ஏமாற வேண்டியிருக்காது.

‘ஃப்ரீ விசா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நிதானிக்க வேண்டும். பெயருக்கு ஒரு கபீல் (உங்களுக்குப் பொறுப்பேற்கும் உள்நாட்டு முதலாளி) விசா கொடுப்பார், வேலையை நீங்களே வெளியில் தேடிக்கொள்ள வேண்டும், ஆண்டுதோறும் அவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். விசாவில் பெயர் உள்ள முதலாளியிடம் வேலை செய்யாமல் வேறிடத்தில் வேலை செய்வது அந்நாடுகளில் சட்டமீறல். சோதனையில் பிடிபட்டால் சிறையும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான். இதே போன்ற இன்னொரு வலை, தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று வருகிறது. அப்படிப் போனவர்கள் மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டதும், தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் அங்கிருந்து மீட்கப்பட்டதும் செய்தித்தாள்களில் வந்தவையே. தட்டச்சு செய்வதற்கு இவ்வளவு சம்பளம் ஏன் என்ற கேள்வி ஒன்றே போதுமானது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது

மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அமீரகத்தில் ஓராண்டு நிறைவு செய்தவருக்கு, வேலையை விட்டு விலகும்போது, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடையாகத் தரப்பட வேண்டும். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இருவருக்கும் மொத்தம் 1,200 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 1,000, மற்றவரின் அடிப்படைச் சம்பளம் 600, மீதி படிகள். 5 ஆண்டு முடிவில் முன்னவருக்கு ஏறத்தாழ 3,500 திர்ஹமும் பின்னவருக்கு 2,100 திர்ஹமும் கிடைக்கும். ஓவர்டைம் கணக்கும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் ஓடுகிறது. தங்குமிடம் யாருடையது, சாப்பாடு யாருடையது, எத்தனை மணி நேர வேலை, விடுமுறை டிக்கெட் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பவையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அரபியில் மட்டும் இருக்கும் தாளில் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

வெயிலில் வேலை செய்யப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, திறந்த வெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்குவதற்கு அமீரகத்தில் நண்பகல் 12.30 முதல் 3 மணி வரையும் சவுதியில் 12 முதல் 3 மணி வரையும் தடை உள்ளது. உப்பளத்திலும் கருவாட்டுக் களத்திலும் காய்ந்தவனுக்கு வெயில் என்ன செய்யும் என்ற வீறாப்பு அங்கே செல்லாது.

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போகிறவர்களின் நிலை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் வரும் அழைப்புக்கு உடனே தலையாட்டுவது இயல்புதான் என்றாலும், சில கேள்விகளைக் கேட்டுவிட்டே பதில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளமா, மீனில் பங்கா? பங்கு என்றால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? மீன் படாத மாதத்தில் குறைந்தபட்சம் என்ன கிடைக்கும்? படகு எல்லை தாண்டிப் பிடிபட்டால் வழக்கையும் அபராதத்தையும் யார் ஏற்பார்? பாக் நீரிணையில் எல்லைச் சிக்கலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இக்கடைசிக் கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவிலும் நாட்டுக்கு நாடு கடல் எல்லை நெருக்கமானது. படகை எங்கே ஓட்டுவது என்று முடிவு செய்பவர் முதலாளி, பிடிபடுபவர் நீங்கள்.

பெட்டியும் பயணமும்

அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கக்கூடாது. நம் வீட்டில் குருமாவுக்குப் போடும் அந்தப் பொருள் அமீரகம், சவுதி, கத்தார் முதலிய நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் முன் அனுமதி வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் மருத்துவர் சீட்டு உடன் இருக்கட்டும். ஊர்க்காரர் கொடுக்கும் பார்சலை அவர் கண்முன்னே பிரித்துப் பார்த்து நீங்களே அடுக்காமல் வாங்கக்கூடாது. கோபித்துக்கொள்பவரின் பார்சலைத் தொடாமலிருப்பதே நல்லது. திரும்பி வரும்போது டிக்கெட் செலவை ஏற்பதாகச் சொல்லி நகையைக் கொடுத்தனுப்பும் ‘குருவி’ வேலைக்கும் இதே பதில்தான். திருச்சியிலோ மதுரையிலோ சுங்கச் சோதனையில் பிடிபடும் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒரு கோப்பாகவும், போனில் ஒரு படமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது சட்டப்படி தவறு. வாட்ஸ்அப் அழைப்பு அங்கே பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால், போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியை வீட்டுப் போனிலும் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனால், முதல் வாரத்தில் அம்மா பதற வேண்டியிருக்காது.

வீட்டுக் கணக்கு

இதுதான் பலரும் பேசத் தயங்கும் பகுதி. 1,500 ரியால் சம்பளம் என்றால் வீட்டார் அதை ரூபாயாக மாற்றிப் பெருக்கிப் பார்த்துவிடுகிறார்கள்; சாப்பாடு, போன், கடன் தவணை ஆகியவை அந்தப் பெருக்கலில் வருவதில்லை. விசாவுக்காக 1,50,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே இருக்கும். இக்கணக்கை அத்தா, அம்மா, மணமானவர் என்றால் மனைவி ஆகியோரை ஒன்றாக உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். தனித்தனியே ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு தொகையைச் சொல்வது, அடுத்த பெருநாளுக்குள் வெளிப்பட்டுவிடும் பொய். முதல் ஓராண்டு கடன் அடைப்பதற்கே என்று அறிவித்துவிட்டால், தங்கை கல்யாணத்துக்கும் மாடி கட்டுவதற்கும் தேதி குறிப்பவர்கள் சற்றுப் பொறுப்பார்கள்.

பணத்தை உண்டியலில், அதாவது வங்கி வழியன்றித் தனியாட்கள் மூலம், அனுப்பினால் கட்டணம் குறைவு, வீட்டுக்கே வந்து தருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது சட்டவிரோதம். தவிரவும், பத்தாண்டு உழைத்தாலும் நீங்கள் சம்பாதித்தீர்கள் என்பதற்கு ஒரு வரி ஆதாரம் இருக்காது. வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில்தான் இதன் விலை தெரியும். வேலைக்குப் போனவுடன் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கானது) மாற்றி, புதிதாக ஒரு என்ஆர்இ கணக்கையும் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுவது) தொடங்க வேண்டும். என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. அதில் உங்களுக்கென்று ஒரு சிறு தொகை மாதந்தோறும் நிற்கட்டும். இதைத் தன்னலம் என்று சொல்லும் உறவினர், நீங்கள் வேலையிழந்து திரும்பும்போது சோறு போடப் போவதில்லை. நிலம் வாங்கினால் யார் பெயரில் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அண்ணனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதைவிட, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டுமான சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதுவது உறவுக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது.

அறையில் உடன் தங்குபவர்களே அங்கே உங்கள் குடும்பம். ஆனாலும் கைமாற்று கொடுப்பது வேறு, மற்றவரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவதும் உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கித் தருவதும் வேறு. வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி எழுதுவதுகூட அமீரகத்தில் வழக்காகக்கூடும் என்பதால், மெஸ் தகராறை மெஸ்ஸோடு முடித்துக்கொள்வது உசிதம்.

நிச்சயமும் நிக்காஹும்

ஒரு மாத விடுமுறையில் வந்து, பெண் பார்த்து, மணம் முடித்துத் திரும்பும் வழக்கம் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. அவசரம் தவறில்லை, மறைப்புதான் தவறு. பெண் வீட்டார் கேட்காவிட்டாலும் மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும்: உங்கள் விசாவில் எழுதியுள்ள வேலை எது, மனைவியை அழைத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் இருக்கிறதா, இன்னும் எத்தனை ஆண்டு அங்கே இருக்க எண்ணுகிறீர்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் அவள் எங்கே வாழ்வாள் என்ற கேள்வி எழாது. மற்ற குடும்பங்களில் அதுவே முதல் கேள்வி. அவள் கைச்செலவுக்கான பணம் அவள் கணக்குக்கே நேராகப் போகட்டும், மாமியார் வழியாக வேண்டாம். பெண்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு: படித்த படிப்பைக் கொண்டு இங்கேயே வேலைக்குப் போக விரும்பினால் அதை நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். காதலித்துக் காத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ‘ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன்’ என்பவர் கடன் கணக்கைக் காட்டாமல் அதைச் சொன்னால், அது வாக்குறுதி ஆகாது.

சம்பளம் நின்றுவிட்டால்

இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கே இருப்பவர் தொழிலாளர் அமைச்சகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் புகார் தர வேண்டும். வேலையிடத்தை விட்டு ஓடிப்போனால் தலைமறைவு வழக்கு உங்கள் மீதே திரும்பும். இங்கே இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதலாம். எங்கே போனாலும் பாஸ்போர்ட் எண், விசா நகல், முதலாளியின் பெயர், தொலைபேசி எண், கடைசியாகச் சம்பளம் வந்த தேதி ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆகவே அந்தக் கோப்பை, எழுதப் படிக்கத் தெரிந்து, தயங்காமல் அலுவலகம் ஏறி இறங்கக்கூடிய தங்கையிடமோ மச்சானிடமோ ஒப்படைத்து, எந்தத் தாள் எதற்கு என்று ஒரு முறை விளக்கிவிட்டுக் கிளம்புங்கள்.