பட்ஜி வளர்க்க நினைக்கிறீர்களா?
பச்சைக்கிளி வேண்டாம், நம் ஊர்க் கிளிகளைக் கூண்டில் அடைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தச் சின்ன ஆஸ்திரேலியக் கிளியான பட்ஜி போதும்.

கூண்டுக்கு உயரத்தைவிட அகலம் முக்கியம். சமையலறைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி நமக்குத் தெரியவே தெரியாது, பறவை நிமிடங்களில் செத்துவிடும். நான் இரும்புத் தோசைக்கல்லுக்கே திரும்பிவிட்டேன். (தோசையும் முறுகலாக வருகிறது.)

தினையோடு தினமும் கொஞ்சம் கொத்தமல்லியோ துருவிய கேரட்டோ கொடுங்கள். அவகாடோ, சாக்லேட் விஷம். கிண்ணம் நிறைந்திருந்தால் ஊதிப் பாருங்கள், பாதி வெறும் உமிதான். அப்புறம், கால்சியத்துக்குக் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு), நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

பகலில் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும்.