இஸ்லாமிய ரசவாதி கேரக்டருக்கு மாயப் பொருள் செய்யுறது எப்படி

மேலப்பாளையத்துல ஞாயித்துக்கிழமை அசர் தொழுதுட்டு மொட்டமாடில பத்தமடைப் பாயை விரிச்சா மஃரிப் பாங்கு வரைக்கும் ஆளுக்கொரு கேரக்டரா பேசி ஆடுற எங்க ரோல்பிளே கேம் ஓடும், டைஸ் உருட்ட ஒரு பித்தளைத் தாம்பாளம் நடுவுல இருக்கும். இங்க படிக்க வந்த காயல்பட்டினத்துத் தம்பி ஒருத்தன் புது கேரக்டர் போட்டான், பாக்தாத்ல கடை வச்சிருக்கிற ரசவாதி. "காக்கா (அண்ணே), தேய்ச்சா ஜின்னு வர்ற விளக்கு ஒண்ணு குடுங்க, இல்லன்னா பறக்குற கம்பளம்"னு கேட்டான். கேமை நடத்துற நான் ரெண்டும் தரமாட்டேன்னுட்டேன். அதெல்லாம் கதை சொல்லுதவங்க பொருள். ரசவாதியோட பொருள் அவன் அடுப்புல இருந்துதான் வரணும். அதனால முதல்ல அவன் பட்டறைல என்ன வேலை நடக்குதுன்னு பாருங்க, அந்த வேலையை ஒரு படி பெருசாக்குனா மாயம் தன்னால வந்துரும்.

அந்தப் பட்டறை நமக்கு ஒண்ணும் தூரமில்ல. 8-ம் நூற்றாண்டுல ஈராக்ல இருக்குற கூபா ஊரோட சேத்துச் சொல்லப்படுற ரசவாதி ஜாபிர் இப்னு ஹய்யான் பேர்ல இருக்குற நூல்கள்ல, எல்லா உலோகமும் கந்தகமும் பாதரசமும் சேந்து மண்ணுக்குள்ள விளைஞ்சதுன்னு வருது. அப்புறம் வந்த ரசவாதி அல்-ராஸி தீல வச்சா பறந்து போற சரக்கை ‘ரூஹ்’, அதாவது ஆவின்னு பிரிச்சாரு, பாதரசம், நவச்சாரம், கந்தகம், தாளகம் (ஆர்சனிக் இருக்குற மஞ்சள் தாது)னு நாலு. பாளையங்கோட்டைல 1964-ல ஆரம்பிச்ச சித்த மருத்துவக் கல்லூரி இருக்குல்லா, அங்க படிக்கிற யார்கிட்ட கேட்டாலும் இந்த நாலு சரக்கோட பேரும் அவங்களுக்குத் தெரிஞ்ச பேராத்தான் இருக்கும். நம்ம ராமதேவர் மக்கா போயி யாக்கோபு சித்தர் ஆனாருன்னு சித்தர் மரபுலயே சொல்லுதாங்க, அதனால உங்க கேரக்டர் பொதிகை மலைக்கு மூலிகை தேடி வந்தான்னு பின்கதை வச்சாலும் ஒட்டாம நிக்காது.

இப்ப பொருளுக்கு வாரேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது நவச்சாரக் குப்பி. சின்ன வயசுல எங்க தெருவுக்கு ஈயம் பூசுதவர் வருவாரு, குழி தோண்டி துருத்தி வச்சு கரி மூட்டி உம்மாவோட பித்தளைச் சட்டியைச் சூடேத்தி ஒரு சிட்டிகை நவச்சாரத்தைத் தூவுவாரு, குபுக்குன்னு வெள்ளைப் புகை மூக்கைக் குத்தும், உடனே ஈயத்தை வச்சு பஞ்சால ஒரு தேய், கருத்துக் கெடந்த சட்டி உள்ளுக்குள்ள வெள்ளி மாதிரி ஆயிரும். நவச்சாரத்தைச் சூடு பண்ணா உருகாது, நேரா புகையாப் போகும், குளிர்ந்த இடம் கிடைச்சா மறுபடி வெள்ளைப் பொடியாப் படியும். இதையே எடுத்துக்கிடுங்க. குப்பியைத் திறந்து மூச்சு இழுத்தா ஆள் ஒரு நிமிசம் புகையாயிருவான், கதவிடுக்கு, சாவித்துவாரம் எது வழியாவும் போலாம், ஆனா திரும்ப உடம்பா ஆகணும்னா குளிர்ந்த கல்லோ உலோகமோ தொடணும். கிடைக்கலன்னா ஒவ்வொரு ரவுண்டுக்கும் உயிர்ப் புள்ளி, ஆறுமுக டைஸ் (டி6) உருட்டி வர்ற அளவு குறையும். இந்த விதி இருந்தாத்தான் பிளேயர் உள்ள போறதுக்கு முன்னாடி எங்க போயி படியப் போறோம்னு யோசிப்பான்.

அடுத்தது எண் தகடு. ஜாபிர் நூல்கள்ல மூணுக்கு மூணு கட்டம் வருது, மேல் வரி 4, 9, 2, நடு வரி 3, 5, 7, கீழ் வரி 8, 1, 6, எப்படிக் கூட்டினாலும் 15. அதுல கீழ் இடது மூலைல இருக்குற 1, 3, 5, 8 நாலையும் கூட்டினா 17, மிச்சம் 28, அந்த 17-ஐ வச்சுத்தான் ஒரு பொருள்ல எந்தக் குணம் எவ்வளவு இருக்குங்கிற தராசுக் கணக்கே அவங்க போட்டாங்க. செம்புத் தகடுல இதை எழுதிக் குடுங்க, ஒவ்வொரு டர்னும் பத்துமுக டைஸ் (டி10) உருட்டி வர்ற எண்ணை அடிச்சுட்டே வரணும், 10 விழுந்தா பிடிச்ச எண்ணை அடிச்சுக்கிடலாம், ஒரு வரிசைல மூணும் அடிபட்டா தகடு முழிச்சுக்கும். படுக்கை வரிசைன்னா காவல், நெடுக்கு வரிசைன்னா தாக்குதல், மூலைக்கு மூலைன்னா ரெண்டும். பேப்பர்ல பென்சில் வச்சு அடிக்கிறப்போ எல்லாரும் குனிஞ்சு எட்டிப் பாப்பாங்க, அதுக்காகவே வைக்கலாம்.

காரீய மோதிரமும் அங்க இருந்து வந்ததுதான். காரீயம் வெளியில குளிர்ச்சியும் வறட்சியுமா இருக்கு, உள்ளுக்குள்ள சூடும் ஈரமுமா இருக்கு, தங்கம் அதுக்கு நேர் தலைகீழ், அப்ப காரீயத்தோட உள்ளை வெளிய திருப்பிட்டா தங்கம்ங்கிறது ஜாபிர் கணக்கு. மோதிரத்தைத் திருகினா ஒரு மணி நேரம் போட்டவனோட திறன் புள்ளிகள்ல (ஸ்டேட்) உச்சமானதும் அடில இருக்குறதும் இடம் மாறும், மோதிரம் தங்கமாகும். நேரம் முடிஞ்சா மறுபடி காரீயம், விடியக்கால பஜ்ர் தொழுகை வரைக்கும் வேலை செய்யாது. அதைத் தங்கம்னு விக்கப் போனா சந்தையை மேற்பார்க்குற முஹ்தஸிப் வந்து பிடிக்கட்டும், நல்ல சீன் ஒண்ணு கிடைக்கும்.

எலிக்சர், அதாவது அரபில இக்ஸீர்னு சொல்லுற ரசவாத மருந்து, அதுல மட்டும் கவனமா இருங்க. போன வருசம் நானே தொட்டதெல்லாம் தங்கமாக்குற திரவம்னு ஒண்ணு குடுத்து, மூணாவது வாரத்துல யாருக்கும் எதையும் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு, கேம் நின்னுருச்சு, எனக்கு மனசே கேக்கல. அப்புறம்தான் கவனிச்சேன், இக்ஸீர்ங்கிற சொல்லே புண்ணுல தூவுற காய்ஞ்ச பொடிக்கான கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது. அதனால குடிக்கிற பாட்டில் வேண்டாம், மடிச்ச காகிதத்துல ஏழே சிட்டிகை பொடி குடுங்க. ஒரு சிட்டிகை ஒரு காயத்துக்கு, இல்ல ஒரு கைப்பிடி உலோகத்துக்கு, அவ்வளவுதான். அஞ்சு சிட்டிகை தீந்த பிறகு அவங்க பண்ணுற பேரம் கேக்க நல்லாருக்கும்.

காய்ச்சி வடிக்கிற வாலையும் குடுக்கலாம், அடில காய்ச்சுற குடுவை கர்ஆ, மேல மூடி அன்பீக், பக்கத்துல வடியுறதைப் பிடிக்கிற பாத்திரம் காபிலா, மூணு பாத்திரத்தையும் மூணு பேர்கிட்ட பிரிச்சுக் குடுங்க, சேந்தாத்தான் வடிக்க முடியும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லுதேன், குர்ஆன் ஆயத்துக்கு (வசனத்துக்கு) +2, +3ன்னு டைஸ்ல கூட்டுற போனஸ் போடாதீங்க. சூனியம் மார்க்கத்துல ஹராம், அந்தக் காலத்து ரசவாதி தன்னோட வேலையை ‘ஸன்ஆ’, அதாவது கைத்தொழில்னுதான் சொன்னான், கைத்தொழிலுக்கும் சூனியத்துக்கும் நடுவுல உள்ள கோட்டை அவன் தாண்டுவானா மாட்டானாங்கிறதுதான் கேரக்டருக்கே உயிர். எதிரியா, ரசவாதத்தை ஏத்துக்கிடாத மருத்துவ அறிஞர் இப்னு ஸீனா சொன்னதை நம்புற ஒரு ஹக்கீமை (வைத்தியரை) வைங்க, "நிறத்தை மாத்துவ, இனத்தை மாத்த முடியாது"ன்னு அவர் சபைல வச்சுச் சொல்லட்டும்.

போன ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பி குப்பியை இழுத்து சிறைக்குள்ள புகையாப் போனான், உள்ள எங்க பாத்தாலும் வைக்கோலும் மரமும்தான், ரெண்டு ரவுண்டு உயிர் குறைஞ்சிருச்சு. அப்ப திருடியா ஆடுற தங்கச்சி கூசாத் தண்ணிய தன் இரும்புக் கேடயத்துல ஊத்தி மரச்சட்ட இடுக்கு வழியா உள்ள நீட்டுனா, அவன் அதுமேல வெள்ளையாப் படிஞ்சு எந்திரிச்சான்.